தலைக்கு மேல் முதுமை எய்தும் தொலைநோக்கிகள்: பாலக்காடு, இடுக்கி எல்லைக்கு எவ்வளவு ஆபத்து?

புது தில்லி: 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 27, வெள்ளிக்கிழமை இரவு சுமார் 10 மணி. மறுநாள் தாக்கலாகவிருந்த மத்திய பட்ஜெட்டைத் தலைநகரம் எதிர்நோக்கியிருந்த வேளையில், கேரளத்தின் எர்ணாகுளம், திருச்சூர், பாலக்காடு உள்ளிட்ட மாவட்டங்களின் வானில் ஒரு தீப்பிழம்பு பாய்ந்து சென்றது. சில இடங்களில் இடி போன்ற ஓசை கேட்டது; லேசான அதிர்வும் உணரப்பட்டது. அச்சமடைந்த மக்கள் வீடுகளை விட்டு வெளியே வந்தனர்.

சீன ராக்கெட் ஒன்றின் பாகம் எரிந்து விழுந்திருக்கலாம் என்றே முதலில் பேச்சு எழுந்தது. பின்னர் எர்ணாகுளம் மாவட்டத்தில் கற்கள் கண்டெடுக்கப்பட்டதும், வந்தது விண்கல் என்ற கருத்து வலுப்பெற்றது. பரபரப்பு சில நாள்களில் அடங்கிவிட்டது. ஆனால் அன்றிரவு எழுந்த கேள்வி அடங்கவில்லை. மனிதன் அனுப்பிய பொருளே வானிலிருந்து விழுந்தால் யாரிடம் தெரிவிப்பது? இழப்பீடு தருவது யார்?

வரும் ஆண்டுகளில் இக்கேள்விக்கு முக்கியத்துவம் கூடும். விண்வெளியில் பல்லாண்டுகளாகப் பணியாற்றிய தொலைநோக்கிகள் சில முதுமை அடைந்து, சிறிது சிறிதாகப் பூமியை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் அமெரிக்காவின் ஹப்பிள், ஸ்விஃப்ட் ஆகிய இரண்டும் கேரள - தமிழக எல்லைக்கு மேலாகவும் பறப்பவை. இந்தியாவின் சொந்தத் தொலைநோக்கியான அஸ்ட்ரோசாட்டோ ஒருபோதும் இப்பகுதிக்கு மேல் வருவதில்லை. நம் தலைக்கு மேல் பறப்பது பிறருடையது. நம்முடையது பறப்பது பிறர் தலைக்கு மேல். இந்த விநோத நிலைமைதான் விஷயத்தின் மையம்.

சாய்வுக் கோணமே எல்லைக்கோடு:

ஒரு செயற்கைக்கோள் எந்த நாடுகளின் மீது விழக்கூடும் என்பதை முடிவு செய்வது, அதன் சுற்றுப்பாதை பூமத்திய ரேகையோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே. சாய்வு 20 டிகிரி என்றால், அக்கோள் வடக்கே 20 டிகிரி அட்சரேகைக்கும் தெற்கே 20 டிகிரி அட்சரேகைக்கும் இடையில் மட்டுமே பறக்கும். அந்தப் பட்டைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அதனால் கவலை இல்லை.

பாலக்காடு நகரம் வடக்கே சுமார் 10.8 டிகிரியில் உள்ளது. இடுக்கி மாவட்டத் தலைமையகமான பைனாவு சுமார் 9.8 டிகிரியில் அமைந்துள்ளது. இரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை என்றாலும், இரண்டுமே தமிழகத்தை ஒட்டியவை. வாளையாறு, கோவிந்தாபுரம், கொழிஞ்சாம்பாறை ஆகிய ஊர்கள் கோவை மாவட்டத்தின் பக்கமும், மறையூர், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகியவை திருப்பூர், தேனி மாவட்டங்களின் பக்கமும் உள்ளன.

ஹப்பிளின் சாய்வு 28.5 டிகிரி. ஸ்விஃப்டின் சாய்வு 20.6 டிகிரி. ஆகவே இவ்விரண்டின் பட்டைக்குள்ளும் கேரளமும் தமிழகமும் முழுமையாக அடங்குகின்றன. அந்தி மயங்கும் வேளையில் மூணாறு, தேவிகுளம் மலைகளிலிருந்து பார்ப்பவர்களுக்கு, நகரும் நட்சத்திரம் போல ஹப்பிள் வெறும் கண்ணுக்கே புலப்படும் நாள்கள் உண்டு.

அஸ்ட்ரோசாட்டின் சாய்வு 6 டிகிரி மட்டுமே. அது எட்டும் வட எல்லையிலிருந்து கன்னியாகுமரியே ஏறத்தாழ 230 கி.மீ. தொலைவில் இருக்கிறது. இடுக்கி 400 கி.மீ.க்கு மேலும், பாலக்காடு 500 கி.மீ.க்கு மேலும் தள்ளியிருக்கின்றன.

ஏன் இறங்குகின்றன?

பூமியிலிருந்து 500, 600 கி.மீ. உயரத்திலும் காற்று அடியோடு இல்லாமல் போய்விடுவதில்லை. மிக மெல்லிய அளவில் அது இருக்கிறது. விநாடிக்கு 7 கி.மீ.க்கும் அதிக வேகத்தில் செல்லும் செயற்கைக்கோளின் மீது அக்காற்று ஓயாமல் உராய்கிறது. அதனால் கோள் தன் ஆற்றலை இழந்து உயரம் குறைகிறது. உயரம் குறையக் குறையக் காற்றின் அடர்த்தி கூடுகிறது. இறக்கமும் வேகம் பிடிக்கிறது. 400 கி.மீ. உயரத்தைக் கடந்த பின் முடிவு நெடுந்தொலைவில் இருப்பதில்லை.

இதில் சூரியனுக்கும் பெரும் பங்குண்டு. சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனின் சீற்றம் உச்சத்தை எட்டுகிறது. அப்போது மேல் வளிமண்டலம் சூடேறி விரிவடைகிறது. முன்பு காற்று மிகக் குறைவாக இருந்த உயரத்தில் அதன் அடர்த்தி பல மடங்காகிறது. சூரியன் உச்ச கட்டத்தை அடைந்துவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. ஸ்விஃப்ட் எதிர்பார்த்ததைவிட விரைவாகக் கீழிறங்கியதற்கு இதுவே காரணம்.

காமா கதிர் வெடிப்புகளைக் கண்டறிவதற்காக 2004 நவம்பர் 20-இல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட், சுமார் 600 கி.மீ. உயரத்தில் பணியைத் தொடங்கியது. 2025-இல் அது ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்துக்கு வந்துவிட்டது. தன்னை மேலே உயர்த்திக்கொள்ளும் எந்திரம் அதில் இல்லை. எனவே மற்றொரு விண்கலத்தை அனுப்பி அதைப் பிடித்து மேலே தள்ளும் பணியை, 2025 செப்டம்பரில் கட்டாலிஸ்ட் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனத்திடம் நாசா ஒப்படைத்தது. ஒப்பந்தத்தின் மதிப்பு 3 கோடி டாலர். 2026-இல் அந்த விண்கலத்தை ஏவுவது என்பது திட்டம்.

ஹப்பிளின் நிலை வேறு. 1990 ஏப்ரல் 24-இல் விண்ணில் ஏவப்பட்ட இத்தொலைநோக்கியின் எடை சுமார் 11 டன்; நீளம் 13 மீட்டர். அதன் முதன்மைக் கண்ணாடி மட்டும் 800 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. 1993 முதல் 2009 வரை ஐந்து முறை விண்வெளி வீரர்கள் நேரில் சென்று பழுது பார்த்தனர். விண்வெளி ஓடங்கள் 2011-இல் ஓய்வு பெற்றுவிட்டதால், இப்போது அவ்வாறு செல்ல வழியில்லை.

2009-இல் சென்ற கடைசிக் குழுவினர், எதிர்காலத்தில் ஒரு கலம் வந்து பற்றிக்கொள்வதற்கு ஏதுவாக ஹப்பிளின் அடிப்பாகத்தில் ஒரு வளையத்தைப் பொருத்திவிட்டுத் திரும்பினர். அதைப் பற்றிக்கொள்ளப் போகும் கலம் இன்னும் வரவில்லை. தனியார் செலவில் ஹப்பிளை உயர்த்தித் தருவதாக வந்த யோசனையை 2024 ஜூனில் நாசா ஏற்கவில்லை. அதன் உயரம் 500 கி.மீ.க்கும் கீழே வந்துவிட்டது. எதுவும் செய்யாமல் விட்டால் 2030-களில் அது வளிமண்டலத்தில் நுழையக்கூடும் என்று கணிக்கப்பட்டுள்ளது.

ஸ்கைலாப் அச்சமும் அரசியல் புயலும்:

தென்னிந்தியர்களுக்கு இது புதிய அனுபவம் இல்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் 'ஸ்கைலாப்' என்ற பெயரை மறந்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையமான ஸ்கைலாப், சூரியனை ஆராயும் தொலைநோக்கித் தொகுதி ஒன்றையும் சுமந்திருந்தது. 1973 மே 14-இல் ஏவப்பட்ட அதில் மூன்று குழுவினர் தங்கி ஆய்வு நடத்தினர். 1974 பிப்ரவரிக்குப் பின் அது ஆளின்றிச் சுற்றியது.

விண்வெளி ஓடம் தயாரானதும் ஸ்கைலாபை மேலே உயர்த்திவிடலாம் என்று நாசா எண்ணியிருந்தது. ஓடம் தாமதமானது. சூரியனின் சீற்றமோ கணித்ததைவிட அதிகமாக இருந்தது. ஏறத்தாழ 77 டன் எடையுள்ள நிலையம் 1979-இல் தறிகெட்டு இறங்கத் தொடங்கியது. அதன் சாய்வு 50 டிகிரி என்பதால் இந்தியா முழுவதும் அதன் பாதைக்குள் இருந்தது. "எங்கள் ஊரில் விழுமா?" என்பதே அப்போது கிராமத்துக்குக் கிராமம் கேட்கப்பட்ட கேள்வி.

அது விழுந்த நாள் 1979 ஜூலை 11. அன்றுதான் பிரதமர் மொரார்ஜி தேசாய் அரசுக்கு எதிராக ஒய்.பி. சவான் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் மக்களவையில் எடுத்துக்கொள்ளப்பட்டது. தில்லியில் அரசு ஆட்டம் கண்டுகொண்டிருக்க, இந்திய நேரப்படி அன்றிரவு 10 மணியளவில் ஸ்கைலாப் சிதறி, இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிலும் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. எஸ்பெரன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஊரின் உள்ளாட்சி நிர்வாகம், குப்பை கொட்டியதற்காக அமெரிக்காவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. நான்கு நாள்கள் கழித்து மொரார்ஜி தேசாய் பதவி விலகினார்.

வங்கக்கடலில் முடிந்த ரோசாட்:

ஸ்கைலாப் விழுந்ததை ஊரே அறிந்திருந்தது. நமக்கு அதைவிட அருகில் விழுந்த ஒரு தொலைநோக்கியைப் பற்றிப் பலரும் அறிந்திருக்கவில்லை. எக்ஸ் கதிர்களைக் கொண்டு வானை ஆராய்ந்த ஜெர்மனியின் ரோசாட், 1990 ஜூன் 1-இல் ஏவப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எக்ஸ் கதிர் மூலங்களைக் கண்டறிந்த சாதனை அதற்கு உண்டு. 1999 பிப்ரவரியில் அதன் பணி முடிந்தது. பிறகு 12 ஆண்டுகள் வெறும் உலோகக் கூடாகச் சுற்றியது.

2011 அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளிக்கு மூன்று நாள்களே இருந்தன. இந்திய நேரப்படி காலை 7.20 மணியளவில், 2.4 டன் எடையுள்ள ரோசாட் வங்கக்கடலுக்கு மேலே வளிமண்டலத்தில் நுழைந்தது. அதில் எரிபொருளும் இல்லை. இயக்கும் எந்திரமும் இல்லை. இறங்கும் இடத்தை மாற்ற யாராலும் முடியாது. மொத்தம் 1.7 டன் வரை எடையுள்ள 30 துண்டுகள் எரியாமல் தரையை எட்டலாம் என்று ஜெர்மனி விண்வெளி ஆய்வு மையம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. கடும் வெப்பத்தைத் தாங்கும் கண்ணாடிப் பீங்கானால் அதன் ஆடிகள் செய்யப்பட்டிருந்ததே காரணம்.

உலகில் எங்கேனும் யாரேனும் ஒருவர் பாதிக்கப்படும் வாய்ப்பு 2,000-இல் ஒன்று என்று அப்போது கணக்கிடப்பட்டது. குறிப்பிட்ட ஒரு மனிதரைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ 14 லட்சம் கோடியில் ஒன்று மட்டுமே. சாலையைக் கடப்பதில் உள்ள ஆபத்து இதைவிடப் பன்மடங்கு பெரிது. ஆகவே பீதிக்கு இடமில்லை. ஆனால் மனித உயிருக்கு ஆபத்து 10,000-இல் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்பது நாசா தனக்குத் தானே வகுத்துக்கொண்ட வரம்பு. ரோசாட் அவ்வரம்பை ஐந்து மடங்கு மீறியது. ஹப்பிள் கட்டுப்பாடின்றி விழுந்தால் அதுவும் இவ்வரம்பை மீறும்.

கணிப்பின் எல்லை:

"எங்கே விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா?" என்று கேட்பது இயல்பு. முடியாது என்பதே நேர்மையான பதில். மேல் வளிமண்டலத்தின் அடர்த்தி மணிக்கு மணி மாறுகிறது. கோள் எந்தப் பக்கம் புரண்டுகொண்டு வருகிறது என்பதும் உறுதியாகத் தெரிவதில்லை. எஞ்சியுள்ள நேரத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை கணிப்பில் பிழை வரலாம் என்பது அனுபவத்தில் கண்ட பொதுக் கணக்கு.

அதாவது, ஒரு நாளுக்கு முன் சொல்லப்படும் கணிப்பில் சில மணி நேரம் முன்பின் ஆகலாம். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியையே சுற்றிவிடும் பொருளுக்கு, சில மணி நேரம் என்பது பல சுற்றுகள். வாளையாற்றுக்கும் குமுளிக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 140 கி.மீ. அவ்வளவு தூரத்தைக் கடக்க அதற்கு 20 விநாடி போதும். கோழிக்கோட்டுக் கரையிலிருந்து நாகப்பட்டினக் கரைக்கு ஒரே நிமிடம். ஆகவே "பாலக்காட்டில் விழும், இடுக்கியில் விழாது" என்று யாராலும் எச்சரிக்கை விடுக்க இயலாது. அப்படி வரும் வதந்திகளை நம்பவும் தேவையில்லை.

இந்த நிச்சயமின்மையைத் தவிர்க்க ஒரே வழி, கோளில் எரிபொருள் இருக்கும்போதே அதைத் திட்டமிட்டுக் கடலில் இறக்குவது. 16 டன்னுக்கும் அதிக எடை கொண்ட காம்டன் காமா கதிர்த் தொலைநோக்கி விஷயத்தில் நாசா அதைத்தான் செய்தது. அதன் சுழல்மானிகளில் ஒன்று பழுதானதும், மற்றொன்றும் கெட்டால் கட்டுப்பாடு கைநழுவிவிடும் என்று அஞ்சி, ஆய்வுக் கருவிகள் நன்றாக இயங்கிக்கொண்டிருந்தபோதே 2000 ஜூன் 4-இல் பசிபிக் பெருங்கடலில் இறக்கியது. விஞ்ஞானிகள் சிலர் இம்முடிவை எதிர்த்தனர். எனினும் மனித உயிரா, ஆராய்ச்சியா என்ற கேள்வியில் முன்னது வென்றது.

எல்லோருக்கும் அந்த வசதி வாய்ப்பதில்லை. 3 டன்னுக்கு மேல் எடையுள்ள அமெரிக்காவின் புற ஊதாக் கதிர்த் தொலைநோக்கி 2002 ஜனவரி இறுதியில் கட்டுப்பாடின்றி எகிப்துக்கு மேலே விழுந்தது. சூரியனை ஆராய்ந்த ரெஸி செயற்கைக்கோள் 2023 ஏப்ரலில் சஹாரா பாலைவனப் பகுதிக்கு மேலே எரிந்து முடிந்தது. இவை எதனாலும் உயிர்ச்சேதம் நேரவில்லை. அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. பூமியின் பரப்பில் 70 சதவீதத்துக்கும் மேல் கடல். நிலத்திலும் பெரும்பகுதி பாலைவனமும் காடும்.

மக்கள் நெருக்கம் மிகுந்த நிலப்பகுதிகளில் கேரளமும் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு சதுர கி.மீ. பரப்பில் சராசரியாக 382 பேர் வசிக்கின்றனர். கேரளத்திலோ 860 பேர். பாலக்காட்டில் 600-க்கும் மேல். காடுகளும் தேயிலை, ஏலத் தோட்டங்களும் நிறைந்த இடுக்கியில்தான் இது சுமார் 255 ஆகக் குறைகிறது.

இழப்பீட்டுக்கு வழி என்ன?

விண்பொருள் விழுந்து சேதம் விளைந்தால், அதை ஏவிய நாடு முழுப் பொறுப்பேற்று இழப்பீடு தர வேண்டும் என்கிறது 1972-ஆம் ஆண்டின் சர்வதேசப் பொறுப்பு உடன்படிக்கை. தரையில் ஏற்படும் சேதத்துக்கு, ஏவிய நாட்டின் தவறு என்று நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஸ்கைலாப் விழுந்த அதே 1979-ஆம் ஆண்டில் இந்தியா இதில் இணைந்தது.

இந்த உடன்படிக்கையின் அடிப்படையில் கோரிக்கை எழுப்பப்பட்ட முக்கிய நிகழ்வு கனடாவில் நடந்தது. அணு உலையைச் சுமந்திருந்த சோவியத் யூனியனின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள், 1978 ஜனவரி 24-இல் கனடாவின் வட பகுதியில் சிதறியது. கதிரியக்கத் துண்டுகளைத் தேடி அகற்றிய கனடா, 60 லட்சம் கனடிய டாலர் கேட்டது. 1981-இல் 30 லட்சம் டாலர் கிடைத்தது. பேரம் பேசித் தொகையை முடிவு செய்ய மூன்று ஆண்டுகள் ஆயின.

கவனிக்க வேண்டியது, இக்கோரிக்கையை எழுப்பக்கூடியது அரசு மட்டுமே என்பதுதான். சித்தூரில் ஒரு தென்னந்தோப்போ, பீர்மேட்டில் ஒரு தோட்டத் தொழிலாளியின் குடியிருப்போ சேதமடைந்தால், உரியவர் இந்த உடன்படிக்கையின்படி தாமே அயல்நாட்டு அரசிடம் கோர முடியாது. மத்திய அரசு தூதரக வழியில், ஓராண்டுக்குள் எழுப்ப வேண்டும். மாவட்ட ஆட்சியரிடம் தொடங்கி மாநில அரசைக் கடந்து தில்லியின் வெளியுறவு அமைச்சகம் வரை அந்த மனு பயணம் செய்தாக வேண்டும். எல்லையில் விழுந்த பொருளின் பாதி தமிழகத்திலும் பாதி கேரளத்திலும் கிடந்தால், தொடங்கும் இடமே இரண்டாகிவிடும்.

இது கற்பனைக் கவலை இல்லை என்பதை மகாராஷ்டிரம் காட்டியது. 2022 ஏப்ரல் 2-ஆம் தேதி மாலை, சந்திரபூர் மாவட்டம் சிந்தேவாஹி வட்டாரத்தில் சுமார் 3 மீட்டர் விட்டமுள்ள உலோக வளையம் ஒன்று ஒரு கிராமத்தில் விழுந்தது. சுற்றுப்புறங்களில் உலோக உருண்டைகளும் கிடைத்தன. சீன ராக்கெட்டின் பாகங்களாக இருக்கலாம் என்று கருதப்பட்ட அவற்றை இஸ்ரோ விஞ்ஞானிகள் வந்து ஆராய்ந்தனர். அடுத்த மாதமே குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்திலும் உலோக உருண்டைகள் விழுந்தன.

சர்வதேசப் பொறுப்பை உள்நாட்டுச் சட்டமாக்கும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 253-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு வழங்குகிறது. அதற்கான விண்வெளி நடவடிக்கைகள் மசோதாவின் வரைவை 2017 நவம்பரில் மத்திய விண்வெளித் துறை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. 2023-இல் இந்திய விண்வெளிக் கொள்கை வந்தது. தனியார் நிறுவனங்கள் ராக்கெட் ஏவவும் அனுமதி கிடைத்தது. ஆனால் 2025 முடியும்வரை மசோதா சட்டமாகவில்லை. கொள்கை முன்னே செல்ல, சட்டம் பின்தங்கியிருக்கிறது.

நம்முடைய கடமை:

இழப்பீடு கேட்பதற்கு மட்டுமன்றி, கொடுப்பதற்கும் சட்டம் தேவை. 2015 செப்டம்பர் 28-இல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் மூலம் 650 கி.மீ. உயரத்தில் நிலைநிறுத்தப்பட்ட அஸ்ட்ரோசாட், இந்தியாவின் முதல் முழுமையான விண்வெளித் தொலைநோக்கி. எடை சுமார் 1,500 கிலோ. ஐந்தாண்டு ஆயுளுக்கென வடிவமைக்கப்பட்ட அது, 2025-இல் பத்தாண்டுகளை நிறைவு செய்தது. தென் அமெரிக்காவை ஒட்டிய கதிர்வீச்சுப் பகுதியில் கருவிகள் அதிக நேரம் சிக்காமலிருக்கவே அதற்கு 6 டிகிரி என்ற குறைந்த சாய்வு தேர்ந்தெடுக்கப்பட்டது. 2024 ஜனவரி 1-இல் ஏவப்பட்ட எக்ஸ்போசாட்டும் அதே உயரத்தில், அதே சாய்வில் செல்கிறது.

இவை இறங்கி வரப் பல்லாண்டுகள் ஆகும். ஆனால் வரும்போது அவற்றின் பாதையில் இருக்கப்போவது இலங்கையின் தென்முனை, மாலத்தீவு, மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, கென்யா, உகாண்டா, காங்கோ, ஈக்வடார், பிரேசிலின் வட பகுதி ஆகியவை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களும் இப்பட்டைக்குள் அடங்குவர். ஸ்கைலாப் நாள்களில் நம் கிராமங்கள் அமெரிக்காவைக் கேட்ட கேள்வியை, அவர்கள் ஒருநாள் இந்தியாவைக் கேட்கக்கூடும்.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. இத்தாலியின் பெப்போசாக்ஸ் என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் சாய்வு வெறும் 4 டிகிரி. எடை சுமார் 1,400 கிலோ. தன் மண்ணுக்கு மேல் ஒருமுறைகூடப் பறக்காத அக்கோள், கட்டுப்பாடின்றி இறங்கியபோது பூமத்திய ரேகை நாடுகளுக்கு இத்தாலி எச்சரிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. 2003 ஏப்ரல் 29-இல் அது பசிபிக் கடலில் விழுந்தது.

இந்தியா இதில் சும்மா இருக்கவில்லை. பிரான்ஸுடன் இணைந்து 2011 அக்டோபரில் ஏவிய மேகா டிராபிக்ஸ் வானிலைக் கோளை, மிச்சமிருந்த எரிபொருளைக் கொண்டு படிப்படியாக இறக்கி, 2023 மார்ச் 7-இல் பசிபிக் கடலின் ஆளற்ற பகுதிக்கு மேல் இஸ்ரோ எரித்து முடித்தது. அந்தக் கோள் அத்தகைய முடிவுக்காக வடிவமைக்கப்பட்டது அல்ல என்பதால் இது பெரும் சாதனையாகக் கருதப்பட்டது. 2007-இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-2, உயரம் குறைக்கப்பட்டு 2024 பிப்ரவரி 14-இல் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் முடிவுற்றது. 2030-க்குள் இந்தியாவின் எல்லா விண்வெளிப் பயணங்களும் குப்பை விட்டுச் செல்லாதவையாக இருக்கும் என்று 2024 ஏப்ரலில் இஸ்ரோ அறிவித்தது.

எல்லை மக்கள் செய்ய வேண்டியது:

வானிலிருந்து விழுந்த உலோகப் பொருள் எதையும் தொடக் கூடாது. எரிபொருள் கலன்கள் பெரும்பாலும் டைட்டானியத்தால் ஆனவை. எளிதில் உருகாமல் உருண்டை வடிவிலேயே தரைக்கு வந்துவிடும். உள்ளே ஹைட்ரசீன் என்னும் நச்சுத் திரவம் எஞ்சியிருக்கக்கூடும். பழைய இரும்புக் கடைக்கு எடுத்துச் செல்வதும், நினைவுப் பொருளாக வீட்டில் வைத்துக்கொள்வதும் ஆபத்தானவை. சட்டப்படியும் அது கண்டெடுத்தவருக்குச் சொந்தமாகாது. விண்ணிலிருந்து விழுந்தாலும் அப்பொருள் அதன் உரிமையாளருக்கே உரியது. ஏவிய நாடு கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்பது சர்வதேச விதி. அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ வட்டாட்சியருக்கோ தகவல் தருவதே முறை. படம் எடுத்து வைப்பதும், விழுந்த நேரத்தைக் குறித்து வைப்பதும் பின்னாளில் இழப்பீட்டுக்குச் சான்றாக உதவும்.

பரம்பிக்குளம், பெரியாறு போன்ற அடர்ந்த காடுகளில் விழுந்தால் யார் கண்ணிலும் படாமலே போகலாம். வனத்துறையின் காவலர்களுக்கும், பழங்குடிக் குடியிருப்புகளுக்கும், தோட்டத் தொழிலாளர்களுக்கும் மலையாளம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் இவ்விவரம் சென்று சேர்ந்தால் நல்லது. பெருமழையின்போதும் காட்டுத்தீயின்போதும் தகவல் பரிமாறிக்கொள்ளும் இரு மாநில அதிகாரிகள், தங்கள் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்ப்பதற்குப் பெரும் செலவு ஆகப்போவதில்லை.

1979-இல் இந்தியாவுக்குக் கேட்க மட்டுமே தெரிந்திருந்தது. இன்று பதில் சொல்லும் இடத்துக்கும் அது உயர்ந்திருக்கிறது. பாலக்காட்டுக் குடியானவருக்கு அமெரிக்கா என்ன தர வேண்டும் என்பதையும், கென்யாவின் குடியானவருக்கு இந்தியா என்ன தர வேண்டும் என்பதையும் ஒரே தராசில் நிறுக்கும் சட்டம் ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேற வேண்டும். ஹப்பிளும் ஸ்விஃப்டும் அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை.